காலிஃப்ளோரி: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். மூட்டிப்பழ மரம் பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறேன். அறிவியல் பெயர் பாக்கோரியா கூர்ட்டலென்சிஸ். குற்றாலத்தின் பெயர் அதில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரிய மரம். அடிமரப் பட்டையிலிருந்தே சரம் சரமாகச் சிவப்பாகப் பூத்து, அங்கேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இந்த இயல்பைத் தாவரவியலில் காலிஃப்ளோரி என்கிறார்கள். 'தண்டுப்பூப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

——

ஐயா, தண்டு என்றதும் கீரைத்தண்டும் வாழைத்தண்டும்தான் கண்ணில் நிற்கின்றன. பூப்பு என்றால் பெண் வயதுக்கு வருவது. இரண்டும் வேண்டாமே. எங்கள் குமரிப் பக்கம் மரத்தின் அடியை மூடு என்போம். மூட்டில் காய்ப்பதால்தான் அது மூட்டிப்பழம். 'மூட்டுக்காய்ப்பு' என்றே வைத்துவிடலாம்.

——

அக்கா, மூடு நல்ல சொல்தான். ஆனால் நாகர்கோவிலைத் தாண்டிவிட்டால் மூட்டு என்பது முழங்கால்! பாடநூலில் மூட்டுக்காய்ப்பு என்று படிக்கிற பிள்ளை அதை எலும்பு நோய் என்று நினைத்துக்கொள்ளும்.

குறுந்தொகை 18இல் கபிலர் 'வேர்க்கோட் பலவின்' என்கிறார். வேர்க்கோள் என்பதுதான் புணர்ச்சியில் வேர்க்கோட் ஆகியிருக்கிறது: வேரிலே காய் கொள்ளும் பலா. வெறும் கற்பனை இல்லை: முதிர்ந்த பலாவில் சில காய்கள் மண்ணுக்குள்ளேயே பழுக்கும், நிலம் வெடித்து வாசனை வந்த பிறகுதான் தெரியும். அந்தக் 'கோள்' நமக்கு ஒரு வரிசையையே தருகிறது. வேரில் காய்த்தால் வேர்க்கோள். மூட்டி, கொக்கோ, அத்தி போல அடிமரத்தில் காய்த்தால் அடிமரக்கோள். டுரியான் மாதிரி பெருங்கிளைகளில் தொங்கினால் கிளைக்கோள். கோள் என்றால் கோள்மூட்டுவதும் செவ்வாய்க் கோளும் நினைவுக்கு வருமே என்பீர்கள். முன்னால் அடிமரம் நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள்.

நிகண்டுகளில் 'கோளி' என்றும் ஒன்று உண்டு. அது ஆல், அத்தி போலப் பூ வெளியே தெரியாமல் காய்க்கிற மரம். ஆல் அடிமரத்திலா காய்க்கிறது? அதனால் அந்தச் சொல்லை இங்கே இழுக்க வேண்டாம்.

——

கோள் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். மூட்டியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரமும் அடிமரம் நிறையப் பூக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது. அதற்கு அடிமரக்கோள் என்று எப்படிச் சொல்வது? காலிஃப்ளோரி பூவைப் பற்றிய சொல். காய்ப்பதற்குக் காலிகார்ப்பி என்று தனியாகவே இருக்கிறது.

அதோடு, இங்கே முக்கியமானது மொட்டு. மரம் பருத்த பிறகும் பட்டைக்கடியில் மொட்டுகள் உறங்கிக்கொண்டே இருக்கும். காலம் வரும்போது பட்டையைப் பிளந்துகொண்டு பூக்கும். கொக்கோவில் பட்டைமேல் புடைத்த ஒரே திட்டில் திரும்பத் திரும்பப் பூ வரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்: காயைத் திருகிப் பிடுங்கக் கூடாது, கத்தியால் வெட்ட வேண்டும் என்பார்கள். பிடுங்கினால் அந்தத் திட்டு பிய்ந்து, பிறகு அங்கே பூ வராது. ஆகவே பூவுக்கு 'அடிமர மலர்வு', காய்க்கு 'அடிமரக்கோள்', அந்தத் திட்டுக்குப் 'பூந்திட்டு'.

——

சரி, குறிப்பில் மூன்றையும் சேர்த்துவிடுகிறேன். மூடு என்பதைப் பெயர்க் காரணத்தில் சொல்லிவிடலாம். டுரியானின் பூவுக்குக் கிளை மலர்வு என்றால் ஒத்துக்கொள்வீர்களா? எல்லா மரமும் கிளையில்தானே பூக்கிறது. அதனால் 'முதுகிளை மலர்வு' என்று யோசிக்கிறேன்.