கெஸ்ட்டா, அட்ஹாக்கா? ஃபார்ம்ல எதை டிக் பண்றது? (அவசரம்)

முனிர்கா_05: டெல்லி காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொபசர் போஸ்டுக்கு அப்ளை பண்றேன். அனுபவம் கேக்கற இடத்துல அட்ஹாக், கெஸ்ட்னு ரெண்டு இருக்கு. நான் பெர்மனென்ட் இல்ல, அப்ப அட்ஹாக்தானே? நாளைக்குக் கடைசி தேதி.

கரோல்பாக்_கணேஷ்: மாசச் சம்பளமா, கிளாஸுக்கு இவ்வளவுன்னா? ஆர்டர்ல என்ன போட்டிருக்கு? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இருக்கா?

சரோஜினிநகர்: பெர்மனென்ட் இல்லாத எல்லாமே அட்ஹாக்தான். போட்டுடுங்க, யாரு பாக்கப்போறா.

ரூல்புக்: இந்த மாதிரி யோசனையாலதான் ஃபார்ம் ரிஜெக்ட் ஆகுது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையைத் திறந்து பாக்கற பழக்கமே இங்க யாருக்கும் கிடையாது. டெல்லி யுனிவர்சிட்டியில அட்ஹாக்னா வழக்கமா 4 மாச ஆர்டர், ஒரு நாள் பிரேக், மறுபடி ஆர்டர். சம்பளம் லெவல் 10 தொடக்கம்: மாசத்துக்கு அடிப்படை 57,700, அதுக்கு மேல டிஏ (அகவிலைப்படி), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி). கெஸ்ட்னா லெக்சருக்கு 1,500, மாசத்துக்கு உச்சம் 50,000. கிளாஸ் இல்லேன்னா காசு இல்ல.

மயூர்விஹார்_மாமி: பழைய சர்வீஸ் கணக்குல வரணும்னா அதே யுஜிசி விதிமுறையில பிரிவு 10 பாருங்க. தகுதி குறையக் கூடாது, முறையான செலக்‌ஷன் கமிட்டி எடுத்திருக்கணும், மொத்தச் சம்பளமும் ரெகுலர் ஆளோடதுக்குக் குறையக் கூடாது. 50,000 உச்சவரம்பு இருக்கறதால கெஸ்ட் சர்வீஸ் மூணாவதுலயே அடிபட்டுடும். ஃபார்ம் 16ஏ (சம்பளமில்லாத வருமானத்துக்கான வரிப் பிடித்தச் சான்று) கொடுத்திருந்தா சம்பளமா காட்டலன்னு அர்த்தம். அட்ஹாக்னு போட்டா வெரிஃபிகேஷன்ல மாட்டிப்பீங்க.

முனிர்கா_05: கிளாஸுக்கு 1,500தான். நெட் இல்ல, தமிழ்நாடு செட் (மாநிலத் தகுதித் தேர்வு).

ரூல்புக்: இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? 2002 ஜூனுக்கு அப்புறம் நடந்த செட் அந்தந்த மாநிலத்துக்குள்ளதான் செல்லும். டெல்லியில செல்லாது.

கரோல்பாக்_கணேஷ்: அப்ப கெஸ்ட் ஆர்டர் எப்படிக் கிடைச்சுது? பிஎச்டி இருக்கணுமே?

முனிர்கா_05: ஆமா, 2022ல முடிச்சேன். சொல்ல விட்டுப்போச்சு.

மயூர்விஹார்_மாமி: அப்ப பயமில்ல, நெட் இல்லாட்டியும் பரவாயில்ல. யுஜிசி 2016 பிஎச்டி விதிப்படி வாங்கின பிஎச்டின்னு உங்க யுனிவர்சிட்டி சான்று கையில இருக்கட்டும். கெஸ்ட்னே டிக் பண்ணுங்க, ஒவ்வொரு செமஸ்டர் ஆர்டரையும் ஒரே பிடிஎஃப்பா சேருங்க.

சரோஜினிநகர்: எப்படியும் அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 மார்க், உச்சம் 10. பிஎச்டிக்கே காலேஜ்ல 25. நெட் வேஸ்ட்.

கரோல்பாக்_கணேஷ்: வேஸ்ட்டா? ஜேஆர்எஃப்போட (ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி) நெட்டுக்கு 10, வெறும் நெட்டுக்கு 8. பிஎச்டி கட்டாயமில்ல, நெட் இருந்தாலே போதும்னு 2023 ஜூலைல யுஜிசி சொல்லிடுச்சு.

ரூல்புக்: அந்த மார்க் இன்டர்வியூக்குக் கூப்பிடறதுக்கு மட்டும்தான். செலக்‌ஷன் முழுக்க இன்டர்வியூவை வச்சுத்தான்.

சரோஜினிநகர்: கூப்பிட்டாத்தானே இன்டர்வியூ?

முனிர்கா_05: கெஸ்ட்னு போட்டு அனுப்பிட்டேன். நன்றி மேடம்.

கரோல்பாக்_கணேஷ்: @சரோஜினிநகர் அதனாலதான் சொல்றேன், அந்த 8 மார்க்கை விடாதீங்க.