டிரெய்னர் 200 வாட், பெடல் 218 வாட்: எதை நம்புவது?

கெலுகோர் ரைடர்:
வணக்கம் நண்பர்களே. டிரெய்னர் வாஹூ கிக்கர் கோர், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைப் பொருத்தி வீட்டிலேயே மிதிப்பது. பெடல் ஃபவேரோ அசியோமா ஊனோ, அதாவது மிதிக்கும் வாட்டை இடது பக்கம் மட்டும் அளப்பது. பெடலைப் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டி இரண்டு வாரமாகிறது. இர்க் மோடில் (டிரெய்னரே எதிர்ப்பை மாற்றி, வைத்த வாட்டில் நிறுத்தும் முறை) 200 வாட் வைத்தால் ஹேண்டில்பாரில் உள்ள மீட்டரில் பெடல் 218 காட்டுகிறது. இரண்டையும் காலிபிரேட் செய்துவிட்டேன். பாலிக் புலாவ் ஏற்றத்துக்குப் பெடல் கணக்கில் ஓட்டுகிறேன், வீட்டுப் பயிற்சிக்கு டிரெய்னர் கணக்கு. 18 வாட் வித்தியாசத்தில் எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்ச வாட்) எது என்றே தெரியவில்லை. டிரெய்னரை மாற்ற வேண்டுமா?

பத்து பதினெட்டு:
தம்பி, மாற்ற அவசரப்பட வேண்டாம். பெடல் கூடுதலாகக் காட்டுவதுதான் சரி. உங்கள் காலின் விசை முதலில் பெடலில் அளக்கப்படுகிறது. அதன் பிறகு செயின், பல்சக்கரம், கியர் மாற்றியின் (டெரெய்லியர்) புல்லி எல்லாம் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சம்தான் டிரெய்னருக்குப் போகிறது. செயின் சுத்தமாக இருந்தால் இழப்பு 2 முதல் 3 சதவீதம்; அழுக்கேறியிருந்தாலோ, செயின் கோணலாக ஓடினாலோ இன்னும் கூடும். 200க்கு 204, 206 வந்தால் யாரும் கவலைப்படக் கூடாது. உங்களுக்கு வருவது 9 சதவீதம். மீதி 6 சதவீதத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் வித்தியாசத்தின் வடிவத்தைப் பாருங்கள். எல்லா வாட்டிலும் ஒரே சதவீதம் என்றால் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) நீளம், இடது-வலது பங்கு, அல்லது இரண்டில் ஒரு கருவியின் அளவுத் திருத்தம். எல்லா வாட்டிலும் ஏறக்குறைய ஒரே வாட் என்றால் பெடலின் ஜீரோ (விசையே இல்லாதபோது காட்ட வேண்டிய அளவு) தப்பு. முறுக்குவிசையில் 1 நியூட்டன் மீட்டர் ஜீரோ பிழை 90 கேடன்சில் (நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால்) 9.4 வாட் ஆகும்; ஒரு பக்கப் பெடல் அதை இரண்டால் பெருக்கும், ஆக 19 வாட். நேரம் போகப் போக வித்தியாசம் மாறினால் வெப்பம்.

சோதனை இப்படி: 15 நிமிடம் வார்ம் அப். பிறகு 150, 200, 250 வாட், ஒவ்வொன்றும் 5 நிமிடம், ஒரே கியர், 85-90 கேடன்ஸ். டிரெய்னரை ஸ்விஃப்ட் பயிற்சி ஆப்பில் பதியுங்கள், பெடலை மீட்டரில். மீட்டரின் சென்சார் பட்டியலில் டிரெய்னரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது டிரெய்னரின் வாட்டையே எடுத்துக்கொண்டு இரண்டு ஃபைலிலும் ஒரே எண் வரும். வாஹூ ஆப்பில் இர்க் பவர் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். அது இயங்கினால் டிரெய்னர் தான் அளந்ததைக் காட்டாமல் இலக்கைச் சுற்றி நேர்கோடு போட்டுக் காட்டும். ஒவ்வொரு 5 நிமிடத்திலும் முதல் நிமிடத்தை விட்டுவிட்டு மீதி நான்கின் சராசரியை ஒப்பிடுங்கள்.

கெலுகோர் ரைடர்:
செய்தேன் அண்ணா. ஸ்மூத்திங் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது:
டிரெய்னர் 150 – பெடல் 163
டிரெய்னர் 200 – பெடல் 218
டிரெய்னர் 250 – பெடல் 272

பத்து பதினெட்டு:
மூன்றும் 9 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் ஜீரோவை மறந்துவிடுங்கள். புதிய சைக்கிளில் கிராங்க் எத்தனை மில்லி? கிராங்க் கையின் உட்புறத்தில் பொறித்திருக்கும். ஃபவேரோ ஆப், மீட்டரின் சென்சார் பக்கம் இரண்டிலும் எந்த நீளம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

கெலுகோர் ரைடர்:
கிராங்கில் 165. இரண்டிலும் 172.5! பழைய சைக்கிளின் நீளம்.

பத்து பதினெட்டு:
அகப்பட்டது. பெடல் அளப்பது விசையை. அதைக் கிராங்க் நீளத்தால் பெருக்கித்தான் முறுக்குவிசை, அதிலிருந்து வாட். 172.5ஐ 165ஆல் வகுத்தால் 1.045. அதாவது 4.5 சதவீதம் சும்மா ஏறியிருக்கிறது. திருத்தினால் 218 என்பது 208, 209 ஆகும். இந்த இரண்டு வாரத்து வெளிப் பயணங்களின் வாட்டையும் அதே அளவு குறைத்துப் படியுங்கள்.

மீதி 4 சதவீதத்தில் பெரும்பகுதி செயின். மிச்சம் உங்கள் இடது கால். ஊனோ இடதை அளந்து இரட்டிப்பாக்குகிறது. இடது 51, வலது 49 என்றால் கணக்கு 2 சதவீதம் மேலே போகும். சோர்ந்தால் இந்தப் பங்கும் மாறும், நிலையான எண் அல்ல.

செந்தூல் சக்கரம்:
இவ்வளவு எதற்கு? ஃபவேரோ ஆப்பில் திருத்தக் காரணி இருக்கிறதே. 0.96 போட்டால் டிரெய்னரோடு ஒட்டிவிடும்.

பத்து பதினெட்டு:
தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். டிரெய்னர்தான் சரி என்று எப்படித் தெரியும்? கிக்கர் கோரின் துல்லியம் ±2 சதவீதம், அசியோமாவின் துல்லியம் ±1. குறைந்த துல்லியமுள்ள கருவிக்கு ஏற்ப மற்றதை வளைப்பது தலைகீழ் வேலை. பெடல் மேல் சந்தேகம் இருந்தால் எடை தொங்கவிட்டுச் சோதியுங்கள். ஃபவேரோ ஆப்பில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு.

சைக்கிளை டிரெய்னரிலிருந்து இறக்கிப் பின்சக்கரத்தைத் திரும்ப மாட்ட வேண்டும், ஏனென்றால் டிரெய்னரில் பிரேக் கிடையாது, எடையைத் தொங்கவிட்டதும் கிராங்க் சுழன்றுவிடும். பின் பிரேக் லீவரை ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். இடது கிராங்க் முன்பக்கம் நோக்கித் தரைக்குச் சமமாக இருக்கட்டும். 20 கிலோ தொங்கவிட்டால் 165 மில்லி கிராங்கில் 32.4 நியூட்டன் மீட்டர். ஜிம் தட்டில் எழுதியிருக்கும் எடையை நம்ப வேண்டாம், அது அரைக் கிலோ கூடக் குறைய இருக்கும். பாசாரில் முத்திரையிட்ட தராசில், தொங்கவிடும் வாரோடு சேர்த்து நிறுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் தப்பினால் உங்கள் சோதனையே 1 சதவீதம் தப்பு.

ஆயர் ஈத்தாம்:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஏர்கோன் அறை 24 டிகிரி, வாசல் போர்ச் 32. சைக்கிளைப் போர்ச்சிலிருந்து உள்ளே கொண்டுவந்த உடனே ஜீரோ செய்தால், பெடல் குளிர்ந்ததும் அது பழையதாகிவிடும். அறையில் 15 நிமிடம் மிதித்த பிறகு, காலை எடுத்துவிட்டு, ஜீரோ செய்யுங்கள். டிரெய்னருக்கும் அப்படித்தான். ஸ்பின்டவுன் என்பது டிரெய்னரை வேகமாகச் சுழற்றி, தானாக நிற்கவிட்டு, பெல்ட், பேரிங் உராய்வை அளப்பது. குளிர்ந்த பெல்ட்டில் செய்தால் உராய்வு அதிகமாகப் பதிவாகும். பெல்ட் சூடானதும் உண்மை உராய்வு குறைந்தாலும் டிரெய்னர் பழைய கணக்கையே கூட்டிக்கொண்டு வாட்டை ஏற்றிக் காட்டும். டிரெய்னரை நகர்த்தினாலும் மறுபடி செய்யுங்கள். டாக்ஸ் நியோ என்ற டிரெய்னரில் பெல்ட் இல்லை, அதற்கு இந்த வேலையும் இல்லை.

கெலுகோர் ரைடர்:
நீளம் 165 ஆக்கினேன். வார்ம் அப் முடிந்து ஸ்பின்டவுன், ஜீரோ இரண்டும் செய்தேன். செயினையும் கழுவினேன். இப்போது 200க்கு 207. எஃப்டிபியை எதில் வைப்பது?

பத்து பதினெட்டு:
வெளியிலும் உள்ளேயும் வருவது பெடல். அதில் வையுங்கள். ஸ்விஃப்டில் பவர் சோர்ஸாகப் பெடலையும், கட்டுப்படுத்தப்படும் கருவியாக டிரெய்னரையும் இணைத்தால் போதும். இர்க்கில் இலக்கு 200 என்றால் திரையில் 207 நிற்கும், பதற வேண்டாம். டிரெய்னர்ரோடு ஆப் என்றால் பவர்மேட்ச் இருக்கிறது. பெடலைப் பார்த்து அதுவே டிரெய்னரை இறக்கிவிடும். மாதம் ஒரு முறை அதே மூன்று படி சோதனையை ஓட்டி எழுதி வையுங்கள். 7 வாட் திடீரென்று 15 ஆனால் முதலில் செயினைப் பாருங்கள்.