டீலரிடம் விற்ற கார், இன்னும் அப்பா பெயரிலேயே ஓடுகிறது – வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. அப்பாவின் வேகன் ஆரை மூலக்கடை பக்கம் ஒரு பழைய கார் டீலரிடம் கொடுத்தோம். பேசிய விலையில் 20,000 ரூபாயை, ஆர்சி பெயர் மாறியதும் தருகிறேன் என்று பிடித்துக்கொண்டார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அப்பா கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெயர் இன்னும் மாறவில்லை. அப்பா போனுக்குப் போக்குவரத்து அபராதச் சலான் வந்தது. அதில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்கண்ணாடியில் அம்மா ஒட்டிய வேல் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. டீலரைக் கேட்டால், "வண்டி கைமாறிடுச்சு சார், வாங்கினவரைக் கேளுங்க" என்கிறார். அவர் யாரென்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

பணம்கூட அப்புறம். விபத்து ஏதும் நடந்தால் என்ன செய்வது? ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால் படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கலாம் என்று விதி இருக்கிறது. இவரிடம் அந்த அங்கீகாரமே இல்லை போலிருக்கிறது, கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

கையில் இருப்பது அவர் கையெழுத்திட்ட டெலிவரி ரசீது, வங்கிப் பணப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல். இதை வைத்து முதலில் ஆர்டிஓவில் எழுதிக் கொடுப்பதா, போலீசில் புகார் கொடுப்பதா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பி யாருக்காவது வேலை நடந்திருக்கிறதா? வட சென்னையில் இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நல்ல வக்கீல் தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.