அப்பா அறிய விரும்பாததை என் பரிசோதனை சொல்லிவிடுமானால்?

கேள்வி: மூன்றாம் தலைமுறை

என் தந்தைவழிப் பாட்டிக்கு 60 வயதில், மூளையை மெல்ல மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய் உறுதியானது. அப்போது எனக்கு 12 வயது. நாக்கை வெளியே நீட்டி அப்படியே வைத்திருக்கும்படி நரம்பியல் மருத்துவர் சொன்னபோது, இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் பாட்டியால் முடியாமல் போனதை அருகில் நின்று பார்த்தேன். 13 ஆண்டுகள் நோயோடு இருந்து, கடைசியில் எதையும் விழுங்க முடியாத நிலையில் இறந்தார். அப்பாவுக்கு இப்போது 55 வயது. நோயின் அடையாளம் எதுவும் தென்படவில்லை. "வந்தால் வரட்டும், வருவதற்கு முன்பே அதோடு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது" என்று சொல்லி, பரிசோதனை என்ற பேச்சையே அவர் எடுக்க விடுவதில்லை.

எனக்கு 29 வயது. குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன், அந்த மரபணு என்னிடம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். இருக்குமானால் அது அப்பா வழியாகத்தான் வந்திருக்க முடியும். ஆகவே என் முடிவு வெளிவரும் அதே தாளில், சொல்லாமலேயே அவருடைய முடிவும் வந்துவிடும். அவருக்குத் தெரியாமல் நான் பரிசோதனை செய்துகொள்வது நியாயமா? மருத்துவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்களா? அம்மாவுக்கு என் எண்ணம் தெரியும். அப்பாவின் தந்தையான தாத்தா 80 வயதில் நலமாக இருக்கிறார்.

பதில்: ஆலோசனை அறை

நான் மரபியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்களுடையதைப் போன்ற நிலை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எத்தனை முறை வந்தாலும் எளிதாவதில்லை.

முதலில் கணக்கு. நான்காம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர் எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவதே பரிசோதனை. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், போதிய காலம் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும் எனலாம். 36 முதல் 39 வரை இருந்தால் வரலாம், வராமலும் போகலாம். இப்படி எண்ணிக்கை கூடிய பிரதியைத்தான் இங்கே "அந்த மரபணு" என்கிறோம். அது பாட்டிக்கு இருந்ததால் அப்பாவுக்குப் பாதி வாய்ப்பு, உங்களுக்குக் கால் பங்கு. பாட்டிக்கு 60 வயதில்தான் கண்டறியப்பட்டது என்பதால், அப்பா 55 வயதுவரை நலமாக இருப்பதைப் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களிடம் மரபணு இல்லை என்று வந்தால் அப்பாவின் வாய்ப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவே. இருக்கிறது என்று வந்தால்தான் அவரைப் பற்றியும் ஐயத்துக்கு இடமில்லாமல் போகிறது.

ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். நோயாளர் அமைப்புகளும் நரம்பியல் வல்லுநர்களும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டுதல்கள், பெற்றோர் அறிய விரும்பாதபோது வயதுவந்த மகனோ மகளோ பரிசோதனை கேட்கும் நிலையை நேரடியாகவே பேசுகின்றன. இருவருக்கும் ஏற்ற தீர்வு காண எல்லா முயற்சியும் செய்ய வேண்டும்; அது கூடாமல் போனால், பெற்றோரின் அறியாதிருக்கும் உரிமையைவிடப் பிள்ளையின் அறியும் உரிமையே முன்நிற்க வேண்டும் என்பது நோயாளர் அமைப்புகளின் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோரின் கருத்து. மருத்துவர்களைவிட, நோயோடு வாழும் குடும்பங்கள் இதில் துணிவாகப் பேசியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

ஆனால் நேரடிப் பரிசோதனைக்கு முன் இன்னொரு வழியையும் கேட்டுப்பாருங்கள். அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்த நான்காம் குரோமோசோம் பகுதி பாட்டியுடையதா தாத்தாவுடையதா என்பதை மட்டும் பார்க்கும் விலக்கல் பரிசோதனை அது. உங்கள் இரத்தமும், அம்மாவுடையதும், தாத்தாவுடையதும் இருந்தால் போதும். அந்தப் பகுதி தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் உங்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. பாட்டியின் இரு பிரதிகளில் அப்பாவிடம் இருப்பது எது என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் வெளிவராது.

பதில்: கண்ணாடிக் குவளை

நானும் கால் பங்கு வாய்ப்பில் இருந்தவள். அம்மாவுக்குச் சொல்லாமல் பரிசோதனை செய்துகொண்டேன். இருக்கிறது என்று வந்தது. வழிகாட்டுதல்களில் உரிமைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், முகத்தைப் பற்றி எழுதவில்லை. முடிவு வந்து எட்டு மாதம் கழித்து, எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அம்மாவின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை தவறி விழுந்து உடைந்தது. மற்றவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். நான் மட்டும் நிறுத்திவிட்டேன். அம்மா சிதறிய துண்டுகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செய்துகொண்டதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் மட்டும் செய்துகொள்ளாதீர்கள். உங்கள் அப்பாவைக் கோழை என்று நினைக்கவும் வேண்டாம். பரிசோதனை வருவதற்கு முன் கேட்டபோது செய்துகொள்வோம் என்று சொன்னவர்கள் மிகப் பலர்; வந்த பிறகு உண்மையில் முன்வந்தவர்கள் பெரும்பாலான நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த மரபணுவைத் தேடி வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு நடத்திய நான்சி வெக்ஸ்லரின் தாயும் இந்த நோயால் இறந்தவரே. தமக்கும் இந்நோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2020இல்தான்.

பதில்: எதிர்க்கட்சி

மேலே உள்ளவர்களோடு ஓரளவு மாறுபடுகிறேன். அறியாதிருக்கும் உரிமை என்பது, என்னிடம் வந்து சொல்லாதே என்று பிறரைத் தடுக்கும் உரிமை. நீயும் அறிந்துகொள்ளாதே என்று தடுக்கும் உரிமையாக அது எப்படி நீள முடியும்? உங்கள் உடலிலுள்ள மரபணு உங்களுடையது. அப்பாவின் மன அமைதிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது மௌனம்; உங்கள் குழந்தையைப் பற்றிய முடிவை அல்ல.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2020இல் ஆராய்ந்தது. தமக்கு ஹன்டிங்டன் நோய் இருப்பதை, அப்போது கருவுற்றிருந்த மகளிடம் சொல்ல ஒரு தந்தை ஒப்புதல் தர மறுத்தார், மருத்துவர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகே உண்மையை அறிந்து, தனக்கும் அந்த மரபணு இருப்பதைப் பின்னர் தெரிந்துகொண்ட மகள் வழக்குத் தொடுத்தார். வழக்கில் அவர் தோற்றார். ஆயினும், நோயாளியின் இரகசியத்தையும் மகளின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றமாக இருந்தால் கண்காணிப்பு, அறுவை என்று செய்வதற்கு ஏதேனும் இருக்கிறது. அங்கே மௌனம் உயிருக்கே கேடு. இங்கோ டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் கட்டுப்பாடின்றி எழும் உடல் அசைவுகளைக் குறைக்கும், நோயின் போக்கை நிறுத்தா. அதனால் உங்கள் அப்பாவின் நிலைப்பாட்டைப் பகுத்தறிவற்றது என்று சொல்ல முடியாது.

மூன்றாம் தலைமுறை

விலக்கல் பரிசோதனையைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பகுதி பாட்டியுடையதுதான் என்று வந்துவிட்டால்?

ஆலோசனை அறை

கேட்க வேண்டிய கேள்வி. அப்போது உங்கள் வாய்ப்பு கால் பங்கிலிருந்து பாதியாக உயர்ந்து, அப்பாவின் வாய்ப்போடு கட்டுண்டுவிடும். பாட்டியிடமிருந்து அவர் பெற்றது எந்தப் பிரதியோ அதுவே உங்களிடமும் இருக்கிறது. ஆகவே அவருக்கு அறிகுறி தொடங்கும் நாள் உங்கள் முடிவு வெளிவரும் நாளாகிவிடும். அவருடைய ஒவ்வொரு கை நடுக்கத்தையும் உங்களுக்கு வந்த செய்தியாகப் படிக்கும் நிலையை உங்களால் தாங்க முடியுமா என்பதை இரத்தம் கொடுப்பதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். இன்னொன்று: தந்தை வழியாகக் கடக்கும்போது சி.ஏ.ஜி. எண்ணிக்கை கூடும் போக்கு உண்டு என்பதால், உங்களிடம் அது இருக்குமானால் அப்பாவைவிட இளம் வயதில் நோய் தொடங்கக்கூடும்.

குழந்தைதான் முதன்மையான கவலை என்றால், நீங்களும் எதையும் அறியாமலே ஒரு வழி உண்டு. செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களில், உங்கள் அம்மாவின் நான்காம் குரோமோசோம் பகுதியைப் பெற்றவற்றை மட்டும் கருப்பையில் வைப்பார்கள். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பில் உங்களிடம் மரபணுவே இல்லை; அப்படியானால் ஊசிகள், சினைமுட்டை எடுத்தல், விலக்கப்படும் நல்ல கருக்கள் எல்லாமே தேவையில்லாமல் நடந்தவையாகும். நோயில்லாதவருக்குக்கூட இதைச் செய்வது முறையா என்று எங்கள் துறைக்குள்ளேயே வாதம் ஓயவில்லை. ஒருவர் அறியாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்பது என் பக்கம்.

எதைத் தேர்ந்தாலும், தாத்தாவின் சம்மதத்தோடு அவருடைய டி.என்.ஏ.வை இப்போதே எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். அதை ஆய்வுக்கு அனுப்பலாமா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாம் தலைமுறை

தாத்தாவிடம் இன்று காலை கேட்டேன். எதற்கு என்று முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். "உன் அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை.