டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ்: பத்தாயிரம் கட்டினா முடிஞ்சிருமா, லைசென்ஸ் போயிருமா?

ஒத்தக்கடை தம்பி:
அண்ணன்மார்களே, சட்டம் தெரிஞ்சவங்க யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க. எங்க மாப்ள (தங்கச்சி வீட்டுக்காரர்) குட்டியானை ஓட்டுறாரு, மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்ல இருந்து மேலூர், நத்தம் பக்கம் லோடு அடிக்கிறதுதான் பொழப்பு. போன ஞாயித்துக்கிழமை பாண்டி கோயில்ல சொந்தக்காரங்க கெடாவெட்டு, அங்க போய்ட்டு சாயங்காலம் பைக்ல திரும்பி வரும்போது ரிங் ரோட்டுல நிப்பாட்டி ஊதச் சொல்லிருக்காங்க, மெஷின்ல 68 காட்டிருச்சு. பைக்கையும் லைசென்ஸையும் வாங்கி வச்சுக்கிட்டு ஒரு சீட்டக் குடுத்து அனுப்பிட்டாங்க. மத்தியானம் ரெண்டு பீருதான் குடிச்சேன், கிளம்பும்போது நல்லாத் தெளிஞ்சுதான் இருந்தேன்னு சத்தியம் பண்றாரு. இப்ப ஒரு புரோக்கரு வந்து பத்தாயிரம் குடுங்க கேஸே இல்லாமப் பண்ணி லைசென்ஸக் கையில குடுக்குறேன்ங்கிறாரு. தங்கச்சி செயினை அடகு வைக்கக் கிளம்பி நிக்குது. இது ஃபைனோட முடியுற விஷயமா? பைக்ல மாட்டினதுக்கு குட்டியானை ஓட்டுறதுக்கும் சேத்து லைசென்ஸ் போயிருமா?

கேகே நகர் குமாஸ்தா:
தம்பி, மொதல்ல அந்த செயினை வீட்லயே வைக்கச் சொல்லுங்க. புரோக்கருக்கு ஒத்த ரூவா குடுக்காதீங்க. ஹெல்மெட் போடல இந்த மாதிரி கேஸெல்லாம் ரோட்டுலயே ஃபைன் போட்டு முடிக்க சட்டத்துல வழி இருக்கு, ஆனா குடிச்சிட்டு ஓட்டுறது மோட்டார் வாகனச் சட்டத்துல 185-வது பிரிவு, அது அப்படி சமாதானமா முடிக்கக்கூடிய பட்டியல்லயே கிடையாது, மாஜிஸ்திரேட்டு முன்னாடி போயே ஆகணும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குத்தம், உங்க மாப்ளைக்கு அதுல ரெண்டு மடங்குக்கும் மேல. மொதத் தடவைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயிலு இல்லைன்னா 10,000 ரூவா ஃபைன், இல்ல ரெண்டுமே. 2019 திருத்தத்துக்கு முன்னாடி இதே ஃபைன் 2,000 தான் இருந்துச்சு. ரெண்டாந்தடவை மாட்டினா 2 வருசம் வரைக்கும், 15,000. மொதத் தடவை, ஆக்சிடென்ட் எதுவும் இல்லைன்னா பெரும்பாலும் ஃபைனோட விடுவாங்க, ஆனா நீங்க பயப்பட வேண்டியது ஃபைனுக்கு இல்ல, லைசென்ஸுக்குத்தான். 185-ல தண்டனை ஆனா கோர்ட்டு கொறஞ்சது 6 மாசத்துக்கு லைசென்ஸத் தடை பண்ணணும்னு 20-வது பிரிவு சொல்லுது. பத்தாயிரத்தைக் கட்டிட்டு வெளிய வந்து குட்டியானைய எடுத்துறலாம்னு நெனச்சீங்கன்னா அங்கதான் மாட்டுவீங்க.

சிம்மக்கல்:
அண்ணே பிளட் டெஸ்ட் எடுக்கலைன்னா கேஸே நிக்காதுன்னு எங்க ஏரியா பசங்க சொல்றாய்ங்க, வெறும் ஊதுற மெஷின வச்சு எப்படி கேஸ் போடலாம், பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாங்களான்னு கேளு தம்பி.

கேகே நகர் குமாஸ்தா:
சிம்மக்கல் தம்பி, இதை நம்பிட்டு கோர்ட்டுல போய் நின்னு ஏமாந்தவங்க நெறையப் பேரு. ஊதுற மெஷின்ல தெரிஞ்சாலே போதும்னு பிரிவுலயே எழுதிருக்கு. கைது பண்ணா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர் டெஸ்ட்டுக்கு உட்படுத்தணும், இல்லைன்னா வெளிய விட்றணும்னு ஒண்ணு இருக்கு, அது காவல்ல வைக்கிறதப் பத்தினது, அதனால கேஸ் செத்துப்போகாது. ஊத மாட்டேன்னு முரண்டு பிடிச்சாலும் அதையே அவனுக்கு எதிரான சாட்சியமா எடுத்துக்கலாம்.

அப்புறம் தெளிஞ்சுட்டேன்னு சொல்றதப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ரெண்டுன்னா 70 கிலோ ஆளுக்கு சுமாரா 150 வரைக்கும் ஏறும், ஒடம்பு அதை மணிக்கு 15 மாதிரிதான் இறக்கும். மத்தியானம் 1 மணிக்குக் குடிச்சவருக்கு சாயங்காலம் ஆறரைக்கு 68 காட்டுறது கணக்குக்கு சரியாத்தான் வருது. மோர் குடிச்சாலும் குளிச்சாலும் இறங்காது, தெளிஞ்ச மாதிரி தோணுறது வேற, ரத்தத்துல இருக்கிறது வேற.

திருமங்கலம் அக்கா:
தம்பி, உன் தங்கச்சி நிலமை புரியுது, அதனாலதான் எழுதுறேன், கோவிச்சுக்காத. எங்கப்பா டீக்கடைக்குப் போய்ட்டு ரோட்டோரமா நடந்து வந்துக்கிட்டு இருந்தவரு, குடிச்சிட்டு வந்த கார்க்காரன் இடிச்சுத் தூக்கிட்டான். தொடையில பிளேட்டு வச்சிருக்கு, இன்னிக்கும் வாசப்படிய இறங்கணும்னா மொதல்ல கைத்தடிய கீழ்ப்படியில ஊனி, அப்புறம் நல்ல கால எடுத்து வச்சு, கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டுத்தான் அடுத்த கால எடுப்பாரு. இடிச்சவனும் அன்னிக்கு தெளிஞ்சுதான் இருந்தேன்னான். இன்சூரன்ஸ் கம்பெனி எங்களுக்குப் பணத்தக் குடுத்துட்டு அந்தப் பணத்தை வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி உத்தரவு ஆச்சு, அவன் ப்ளாட்ட வித்துக் கட்டினான். உங்க மாப்ள யாரையும் இடிக்காம ரிங் ரோட்டுல நிறுத்தப்பட்டாரே, அதுக்கு அந்தப் பாண்டி முனீஸ்வரனுக்கே பொங்க வைக்கலாம். நான் மனசாரத்தான் சொல்றேன்.

கேகே நகர் குமாஸ்தா:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. ஒருத்தர் செத்துட்டா 185 எல்லாம் பின்னாடி போயிரும், பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ல 5 வருசம் வரைக்கும், போதையில ஓட்டினதோட தன்மையப் பாத்து 105-க்கே போகலாம், அது கொலைன்னு ஆகாத, ஆனா மரணத்தை உண்டாக்கின குத்தம், அதுல ஜாமீன் வாங்கவே அலையணும். நம்ம வண்டிக்கு ஆன சேதத்துக்கும் இன்சூரன்ஸ் கிடைக்காது, 2021-ல சுப்ரீம் கோர்ட்டே இஃப்கோ டோக்கியோ கேஸ்ல கம்பெனி பக்கம்தான் சொல்லுச்சு.

ஒத்தக்கடை தம்பி:
அக்கா, உங்க அப்பாவப் பத்தி எழுதினத அப்படியே மாப்ளைகிட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசாம உக்காந்துட்டாரு. புரோக்கர வேணாம்னு சொல்லிட்டோம். குமாஸ்தா அண்ணே, குட்டியானைக்கு மட்டும் விட்டுக்குடுக்கச் சொல்லிக் கேக்க வழி இருக்கா, பைக்க எப்படி எடுக்குறது?

கேகே நகர் குமாஸ்தா:
கேக்கலாம் தம்பி. தடை உத்தரவ எல்லா வகை வண்டிக்கும் போடலாம், குறிப்பிட்ட வகைக்கு மட்டுமும் போடலாம்னு 20-வது பிரிவுலயே இருக்கு. லோடு வண்டிதான் குடும்பத்துக்கே சோறு, அதுல இதுவரைக்கும் ஒரு கேஸும் இல்லைன்னு வக்கீல் வச்சு மாஜிஸ்திரேட்டுகிட்ட எடுத்துச் சொல்லுங்க, குடுப்பாங்கன்னு உறுதி சொல்ல முடியாது, கேக்காம மட்டும் இருக்காதீங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து தனியா நோட்டீஸ் வந்துச்சுன்னா அதைத் தூக்கிப் போட்றாதீங்க, நேர்ல போய் விளக்கம் சொல்ல உரிமை இருக்கு, உத்தரவு வந்தா 30 நாளைக்குள்ள அப்பீலும் போகலாம். தடை இருக்கும்போது ஒரு நடை லோடுதானன்னு எடுத்தாருன்னா அதுக்குத் தனியா 3 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ஃபைன், அதுவரைக்கும் தெரிஞ்ச டிரைவர் யாரையாச்சும் சம்பளத்துக்குப் போட்டு ஓட்டுங்க. பைக்குக்கு ஆர்சி, இன்சூரன்ஸ் ஒரிஜினலோட குடிக்காத, லைசென்ஸ் இருக்கிற ஆளு ஸ்டேஷனுக்குப் போங்க, நீங்களே போறதுதான் நல்லது. அந்த சீட்டுல கோர்ட்டு தேதி போட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அங்கயே கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க.