மெடிக்கல் காலேஜ் ஆசிரியர்களிடம் மன அழுத்த சர்வே: எந்தக் கேள்வித்தாள், எதைக் கேட்கக் கூடாது?

பிசியாலஜி_மேசை:
எங்கள் மெடிக்கல் எஜுகேஷன் யூனிட்டில் ஆசிரியர்களின் மன அழுத்தம் பற்றி சர்வே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 110 பேர். கூகுள் ஃபார்மில் வேலைக் களைப்பை அளக்கும் மாஸ்லாக் கேள்வித்தாளும், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி பிஎச்க்யூ-9ம் போடலாம் என்று யோசனை. துறை, பதவி, வயது, பாலினம் கேட்கலாமா? முடிவு வந்ததும் டீனிடம் எதைக் கேட்பது? சனிக்கிழமை யோகா வகுப்போடு முடிந்துவிடக் கூடாது.

கம்யூனிட்டி_மெடிசின்:
மாஸ்லாக்குக்குக் காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும். அதோடு மருத்துவப் பணியாளருக்கு ஒரு வடிவம், ஆசிரியருக்கு இன்னொன்று. காலையில் ஓபி, மதியம் லெக்சர் எடுப்பவருக்கு எதைக் கொடுப்பீர்கள்? களைப்பை அளக்கும் கோபன்ஹேகன் கேள்வித்தாள் இலவசம். மொத்தம் 19 கேள்வி: சொந்தக் களைப்பு 6, வேலைக் களைப்பு 7, நாம் கையாளும் ஆட்களால் வரும் களைப்பு 6. கடைசி ஆறை மாணவரை வைத்துக் கேளுங்கள். கிளினிக்கல் ஆட்களிடம் அதே ஆறை நோயாளியை வைத்தும் கேட்டால், களைப்பு வார்டிலிருந்து வருகிறதா, வகுப்பிலிருந்தா என்று பிரிந்து தெரியும்.

ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் 0, 25, 50, 75, 100. சராசரி 50ஐத் தொட்டால் கவனிக்கணும். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் தெம்பு மிச்சமிருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் மார்க் தலைகீழ். எக்செலில் சறுக்குவது இங்கேதான்.

துறை, பதவி, பாலினம் மூன்றையும் கேட்டால் பெயரையே கேட்ட மாதிரி. ஃபாரன்சிக்கில் பெண் அசோசியேட் ப்ரொஃபசர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? ப்ரீ (அனாட்டமி, பிசியாலஜி மாதிரி), பாரா (ஃபாரன்சிக், பேத்தாலஜி மாதிரி), கிளினிக்கல் (நோயாளியைப் பார்க்கும் துறைகள்) என்ற பிரிவே போதும். 10 பேருக்குக் குறைந்த குழுவை அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' வசதியையும் அணைத்துவிடுங்கள். லாகின் கேட்டாலே பலர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

மனநல_ஓபி:
பிஎச்க்யூ-9ல் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாத ஃபார்மில் ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று டிக் செய்தால் யாரைத் தேடுவீர்கள்? அந்தக் கேள்வி இல்லாத எட்டுக் கேள்வி வடிவத்தைப் போடுங்கள். இல்லையென்றால் அந்தக் கேள்வியைத் தனி மல்டிபிள் சாய்ஸாக வைத்து, 'இல்லவே இல்லை' தவிர எதைத் தொட்டாலும் உதவிப் பக்கம் திறக்கச் செய்யுங்கள். எல்லாக் கேள்வியையும் ஒரே கட்டத்தில் வைக்கும் கிரிட் கேள்வியில் இந்தப் பிரிப்பு வேலை செய்யாது.

உதவிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416 இருக்கட்டும். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். கூடவே காலேஜுக்கு வெளியே ஒரு மனநல மருத்துவர். உங்கள் சைக்கியாட்ரி ஓபியைப் போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். மதியம் கேன்டீனில் எதிரே உட்காருபவரிடம் போய் யார் சொல்வார்? அதனால்தான் நம்மவர்கள் தாங்களே பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையை எழுதிக்கொள்கிறார்கள். தூக்கம் வரும், மனச்சோர்வு அப்படியே இருக்கும், மாத்திரையும் விடாது.

பிஎச்க்யூ மார்க் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் பார்க்கணும் என்று மட்டுமே பொருள். அதுவே நோய் என்று ஆகாது. இந்தக் கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. யுனிவர்சிட்டி ப்ராக்டிகல் நடக்கும்போது எடுத்தால் பரீட்சைக் களைப்புதான் அளவாகும்.

லாக்புக்_அனாட்டமி:
டீனிடம் அவர் கையில் இல்லாததைக் கேட்டு மீட்டிங்கை வீணடிக்காதீர்கள். ஆசிரியருக்கு 75 சதவீத வருகை, முகம் காட்டும் ஆதார் அட்டெண்டன்ஸ் எல்லாம் என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விஷயம். மாணவர் செய்த பயிற்சிகளைப் பதிந்து நாம் கையெழுத்திடும் லாக்புக்கும் என்எம்சி கேட்பதுதான், ஆனால் அதை எப்போது பார்ப்பது என்பது டீன் கையில். 2019ல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து கையெழுத்து வேலை கூடிக்கொண்டே போகிறது. இன்டர்னல் பரீட்சைக்கு முந்தின வாரம் 150 புத்தகமும் மேசையில் வந்து குவியும். பார்க்காமலே போடுவோம், அப்புறம் உறுத்தும். ஒவ்வொரு ப்ராக்டிகலின் கடைசி 15 நிமிடத்தை அதற்கென்றே டைம்டேபிளில் எழுதச் சொல்லுங்கள். 25 பேர் பேட்சுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். இன்டர்னல் மார்க் ஏற்ற ஒரு கிளார்க்கையும் கேளுங்கள்.

பிசியாலஜி_மேசை:
நன்றி. மாணவர்களுக்கு வழிகாட்டும் மென்டர் வேலையைச் சொல்ல விட்டுவிட்டேனே. ராத்திரி பதினொரு மணிக்கு மாணவர் போன் செய்தால்?

மனநல_ஓபி:
மென்டர் கவுன்சிலர் இல்லை என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடணும். ஒருவருக்குப் பத்து மாணவர், வாரத்தில் குறிப்பிட்ட ஒரு மணி நேரம். அவசரத்துக்கு ஹாஸ்டல் வார்டன், டூட்டி டாக்டர், 14416. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்றால் மணி பார்க்கக் கூடாது. போனை வைக்காமல் இன்னொரு போனில் வார்டனை ரூமுக்கு அனுப்பணும். அந்த மென்டரை மறுநாள் காலை லெக்சரிலிருந்து விடுவிக்கணும் என்று நடைமுறையிலேயே எழுதிவையுங்கள்.