வெளிநாட்டு மேற்படிப்பு: போய் இறங்கியதும் முதல் இரண்டு மாதம் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஜெர்மனி, முதுகலை, 2025 செப்டம்பரில் வந்தேன்

கிளம்பும்போது பணத்தைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் வெளியே விடும் கணக்கில், 11,904 யூரோ போட்டாயிற்று. எங்கள் வீட்டுக்கு அது ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். மாதம் 992 யூரோ கைக்கு வரும். அப்பா ஒரு நோட்டில் வரிசையாக எழுதினார்: வாடகை 390, இன்சூரன்ஸ் 145, சாப்பாட்டுக்கு 200, மீதி மிச்சம். அந்த மாதக் கணக்கில் இன்றைக்கும் நான் தப்பு சொல்ல மாட்டேன். நாங்கள் யோசிக்காமல் விட்டது, அந்த முதல் 992 எந்தத் தேதியில் வரும் என்பதை.

அந்தப் பணம் வந்து சேர இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கியில் முகவரிப் பதிவுத் தாள் கேட்டார்கள். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். நான் தங்கியிருந்ததோ நாள் வாடகை விடுதி, அங்கே அந்தச் சான்று தரமாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீடு கிடைத்தால்தான் பதிவு, பதிவு முடிந்தால்தான் வங்கி, வங்கி இருந்தால்தான் என் பணம் எனக்கு. நவம்பர் முதல் வாரம் வரை அதில் ஒரு காசு வரவில்லை.

ஃபாரெக்ஸ் கார்டில் 2,000 யூரோ கொண்டு வந்திருந்தேன். விடுதியில் 19 இரவுக்கு 570 போனது. செமஸ்டர் கட்டணம் 290, இன்சூரன்ஸ் 145, சாப்பாடு, பஸ் என்று இன்னொரு 150. வீடு கிடைத்த அன்று கையில் 845 இருந்தது. இங்கே விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் குளிர் வாடகை, அதாவது வெறும் இடத்துக்கான தொகை. ஹீட்டர், தண்ணீர் செலவெல்லாம் சேர்ந்தால்தான் சூடான வாடகை. எனக்குக் குளிர் வாடகை 310, சூடான வாடகை 390. அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகை, 930. முதல் மாத வாடகையோடு 1,320 ஆகிறது.

விடுதியில் பழக்கமான நாமக்கல் அண்ணன் ஒருவர் முந்தின இரவுதான் சொல்லியிருந்தார்: "அட்வான்ஸை மூணு தவணையா கட்டலாம்மா, இங்க சட்டமே அப்படித்தான். கூச்சப்படாம கேளு." அதை ஜெர்மனில் ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சமையலறை மேஜையில் ஒப்பந்தத்தை விரித்து வைத்திருந்தார். நான் சீட்டைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒப்பந்தத்தின் ஓரத்திலேயே 310, 310, 310 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பேனாவை என் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் தவணையும் முதல் மாத வாடகையுமாக 700 கட்டியது போக மீதி 145 யூரோ, மூன்று வாரத்துக்கு. அம்மா கட்டிக் கொடுத்த இரண்டு கிலோ துவரம்பருப்பும் ரசப்பொடியும்தான் காப்பாற்றின. அதனால் அடுத்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பிளாக்டு அக்கவுண்ட் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் 2,500 யூரோவாவது தனியாக எடுத்து வாருங்கள். அப்புறம் ஒன்று. வீட்டுச் சேமிப்பிலிருந்து அனுப்பியதில், 2025-26 நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போன தொகைக்கு வங்கி 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே எடுக்கும் வரி, பிடித்தது. வங்கிக் கல்விக் கடன் பணமென்றால் பிடித்தமில்லை. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் அனுப்பும் அன்று அந்தப் பணமும் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் போல ஆனது.

ஜெர்மனி, இரண்டாம் வருடம்

தங்கை சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஒன்று சேர்க்கிறேன். முகவரி பதிந்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே வைத்துவிட்டேன். அடுத்த கடிதம் 8 யூரோ அபராதத்தோடு வந்தது. இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கூடத் தங்கியிருக்கும் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் கொடுத்துவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுத்தால் போதும். ஜெர்மன் கடிதம் எது வந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

இங்கிலாந்து, 2025 செப்டம்பர் சேர்க்கை

எனக்குச் சிக்கல் ஊரிலேயே வந்துவிட்டது. விசாவுக்கு, லண்டனுக்கு வெளியே என்பதால் வாழ்க்கைச் செலவாக மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,224, அதோடு மீதி கல்விக் கட்டணமும் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் நிற்க வேண்டும். பணம் அப்பா கணக்கில் இருந்தது. பத்தொன்பதாம் நாள் பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா அவசரத்துக்கு நாற்பதாயிரம் எடுத்துக் கட்டினார். எடுக்காமல் எப்படி இருப்பார்? மறுநாளே சித்தப்பா திரும்பப் போட்டுவிட்டார், ஆனாலும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விண்ணப்பிக்கும் அன்று பவுண்டு விலை ஏறியிருந்தாலும் சிக்கல்தான், ரூபாய் அப்படியே இருந்தாலும் பவுண்டில் குறைந்துவிடும். இரண்டாம் தடவை ஒன்றரை லட்சம் கூடுதலாகப் போட்டு, அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். பாட்டி நன்றாக இருக்கிறார். அங்கே அரசு மருத்துவ வசதிக்காக விசாவோடு கட்டும் கட்டணம் எனக்கு 1,164 பவுண்டு ஆனது, அது விண்ணப்பிக்கும் அன்றே ஒரே தடவையில் போகும். அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 28 நாள் கணக்கில் கை வைக்காதீர்கள்.